10 கோடி என்கிறார்கள், எந்தப் பள்ளிக்கு என்று சொல்வதில்லை

(ஈப்போவில் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர்களுக்காக நடந்த சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவுத் திட்டம் பொருளாதாரம் படித்தவர்கள் பேச வேண்டியது, வழக்கறிஞருக்கு இதில் என்ன வேலை என்று ஒரு பெரியவர் வாசலிலேயே கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். பள்ளிக் கூரை ஒழுகினால் நாம் தலைமையாசிரியரிடம் போகிறோம். அவர் மாவட்டக் கல்வி இலாகாவைக் கைகாட்டுகிறார். இலாகா புத்ராஜெயாவைக் கைகாட்டுகிறது. பணம் எந்த வழியாக வருகிறது என்று தெரியாதவருக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்றும் தெரியாது. கதவு தெரியாத இடத்தில் சட்டம் உதவாது. என் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

பேரா மாநிலத்தில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை ரப்பர் தோட்டத்தில் பிறந்தவை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு. சட்டம் கேட்டது பள்ளியை. துரைமார்கள் கொடுத்தது பல இடங்களில் ஒரு கொட்டகையை. கிராணியோ மண்டோரோ ஓய்வு நேரத்தில் பாடம் சொன்ன இடங்களும் உண்டு. பின்னர் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் ஏற்றது. நிலம் மட்டும் தோட்டத்துக்காரரிடமே நின்றுவிட்டது.

இந்த நிலப் பிரச்சினைதான் இன்று வரை நம் கழுத்தைப் பிடிக்கிறது. நிலம் அரசாங்கத்துடையது அல்ல என்பதால் நம் பள்ளிகளில் பெரும்பாலானவை பகுதி உதவி பெறும் பள்ளிகள். சம்பளமும் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்த தலைக்கணக்கு மானியமும் வரும். கட்டடமும் பராமரிப்பும் பள்ளி வாரியத்தின் தலையில். தோட்டம் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, சில இடங்களில் அதுவும் போய் வீடமைப்புத் திட்டம் வந்து, மக்கள் புந்தோங்குக்கும் செம்மோருக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் குடிபெயர்ந்த பிறகு, அந்த வாரியத்தில் யார் இருக்கிறார்கள்? அவர்களிடம் என்ன பணம் இருக்கிறது? பிள்ளைகள் குறைந்தால் தலைக்கணக்கு மானியமும் குறைகிறது. கூரையின் அளவு குறைவதில்லை.

ஆகவே நம் பள்ளிகளுக்குக் கட்டடப் பணம் அவ்வப்போது வரும் சிறப்பு மானியமாகவே வருகிறது. ஆண்டுதோறும் வரும் உரிமையாக வருவதில்லை. வெளிப்படைத்தன்மை மற்றவர்களைவிட நமக்கு அதிகம் தேவைப்படுவது இதனால்தான். வழக்கமான ஒதுக்கீட்டுக்கு ஒரு வரிசை உண்டு, ஒரு விதி உண்டு. சிறப்பு மானியத்திற்கு அறிவிப்பவரின் விருப்பம்தான் விதி.

2011 அக்டோபரில் அன்றைய பிரதமர் நஜிப், 2012க்கான வரவு செலவுத் திட்டத்தை வாசித்தார். பள்ளிக் கட்டுமானத்திற்கும் பராமரிப்புக்கும் 100 கோடி ரிங்கிட் சிறப்பு நிதி. அதில் தமிழ்ப்பள்ளிகளுக்கு 10 கோடி. கைதட்டினோம். நானும்தான். ஆனால் அந்த உரையில் பள்ளிவாரிப் பட்டியல் இல்லை. 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் எவற்றுக்கு, எந்த வேலைக்கு, எந்தக் குத்தகையாளர் வழியாக? நம் ஊரில் இதற்குப் பதிலாகக் கிடைப்பது ஒரு பெரிய அட்டைக் காசோலையும் மாலையும் புகைப்படமும். அந்த அட்டையை எந்த வங்கியும் வாங்காது.

சுங்கை சிப்புட்டில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். 2008 பொதுத் தேர்தலில் அங்கே டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் வென்றார். தொகுதி மேம்பாட்டுக்கான ஒதுக்கீடு ஆளுங்கட்சி உறுப்பினர்களுக்குக் கிடைத்தது, எதிர்க்கட்சிக்காரரான அவருக்குக் கிடைக்கவில்லை. 2010இல் அவர் நீதிமன்றம் போனார். எல்லாரும் கட்டிய வரிப்பணத்தைத் தொகுதி மக்கள் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று பார்த்துப் பிரிப்பது அரசமைப்புக்கு ஏற்றதா என்பது அவர் கேள்வி. வழக்கு வெற்றி பெறவில்லை. ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கே இந்த நிலை என்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் எந்த மூலைக்கு? ஆட்சிகள் மாறிய பிறகும் எதிர்க்கட்சித் தொகுதிகளுக்கான ஒதுக்கீட்டுச் சண்டை ஓயவில்லை என்பதையும் கவனியுங்கள். நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் கை அதே பக்கம்தான் போகிறது.

அடுத்து மித்ரா. செடிக் என்ற பெயரில் தொடங்கி 2018இல் பெயர் மாறிய அந்தப் பிரிவுக்கு ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் என்று ஒதுக்கினார்கள். 2021இல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணையில் இறங்கியது, 2022 தொடக்கத்தில் பலர் கைதானார்கள். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும், அது என் பேச்சல்ல. என் வருத்தம் வேறு. எந்த அமைப்புக்கு எவ்வளவு, எந்த முகவரியில் எத்தனை பேருக்குப் பயிற்சி என்ற விவரம் மானியம் கொடுத்த மாதமே அந்த வட்டாரத்து மக்கள் கைக்கு வந்திருந்தால், அந்தக் கடையில் வகுப்பே நடக்கவில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருப்பார். போலீசு வருவதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

இது வெறும் ஆசை அல்ல. ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டில் 1991 முதல் 1995 வரை தொடக்கப் பள்ளிகளுக்கு ஒதுக்கிய தலைக்கணக்கு மானியத்தில் சராசரியாக 13 விழுக்காடுதான் பள்ளிகளைச் சேர்ந்தது என்று ஓர் ஆய்வு காட்டியது. மிச்சம் நடுவில் கரைந்துவிட்டது. பிறகு எந்த மாவட்டத்திற்கு எவ்வளவு அனுப்பினோம் என்பதை அரசாங்கம் செய்தித்தாளில் வெளியிட்டது. பள்ளிச் சுவரிலும் ஒட்டச் சொன்னது. 2001 வாக்கில் 80 விழுக்காட்டுக்கு மேல் பள்ளிக்கு வந்தது. செய்தித்தாள் மட்டுமே காரணம் என்று நான் வாதாட மாட்டேன், வேறு சீர்திருத்தங்களும் நடந்தன. ஆனாலும் எவ்வளவு வர வேண்டும் என்று தெரிந்த தலைமையாசிரியர், தெரியாத தலைமையாசிரியரைவிட உரக்கப் பேசுவார்.

நம் நாட்டில் என்ன நிலை? அனைத்துலக வரவு செலவுக் கூட்டமைப்பு நடத்தும் ஆய்வில் 2019இல் மலேசியாவுக்கு 100க்கு 47. இந்தோனேசியாவுக்கு 70, பிலிப்பைன்சுக்கு 76. போதுமான அளவு என்று அவர்கள் வைத்திருக்கும் கோடு 61. சட்டத்தின் பக்கம் பார்த்தால் 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டம் நிற்கிறது. மாநில ஆட்சிக்குழுவின் ஆவணங்களும் அதன் அட்டவணையில் உண்டு. ஓர் ஆவணம் இரகசியம் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டால் நீதிமன்றம் அதைக் கேள்வி கேட்க முடியாது என்கிறது 16ஏ பிரிவு. பினாங்கு 2010இலும் சிலாங்கூர் 2011இலும் தகவல் பெறும் சட்டம் நிறைவேற்றின. தமிழ்நாடு 1997இலேயே செய்தது. ஈப்போவில் உட்கார்ந்து ஷா ஆலாமைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு நாம் நிற்கிறோம்.

ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப்பள்ளிகளுக்கென்று பேரா அரசு ஒதுக்கிய 2,000 ஏக்கர் நிலத்தைப் பற்றி எத்தனை ஆண்டுகளாகப் பேசுகிறோம்! அரசாங்கத்தை மட்டும் கேட்டால் போதாது. நம் பெயரில் நிலமோ பணமோ வைத்திருக்கும் அறவாரியங்கள், கோயில் நிர்வாகங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் எல்லாவற்றிடமும் கணக்கைக் கேட்க வேண்டும். "நம்ம ஆளு, கேட்டா மனசு சங்கடப்படும்" என்று விட்டுவிடுவதுதான் நமக்குப் பெரிய நோய்.

இனி, கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் நில அலுவலகம் போய்ப் பள்ளி நிலத்தின் சாரியான் எடுங்கள். தேசிய நிலச் சட்டத்தின் 384ஆவது பிரிவின்படி எவரும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், வக்கீல் வேண்டாம். நிலம் யார் பெயரில் என்று தெரியாமல் மானியம் பற்றிப் பேசுவது வீண். அடுத்து, "மானியம் வந்ததா" என்று கேட்காதீர்கள். வந்தது, வரும் என்றுதான் பதில் வரும். வாரான் பெருந்துக்கான் எந்தத் தேதியில், எவ்வளவு தொகைக்கு வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். வேலை செபுத் ஹார்காவா, டெண்டரா, யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். வேலை நடக்கும் இடத்தில் அறிவிப்புப் பலகை இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இலாகா பதில் தராவிட்டால் அதே கேள்வியை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. நாடாளுமன்றத்தில் கேட்ட கேள்விக்கு அமைச்சர் கொடுக்கும் பதில் பதிவாகிவிடும். பிறகு அதை மறுப்பது சிரமம்.

மலாய் மொழியில் ஒரு பக்க மாதிரிக் கடிதம் தயார் செய்திருக்கிறோம். பள்ளியின் பெயரையும் ஆண்டையும் நிரப்பினால் போதும். பெற்றோர் ஐந்து பேராவது கையெழுத்திடுங்கள், தனியாளாக அனுப்பாதீர்கள். அனுப்பியதன் நகலையும் அஞ்சல் பதிவுச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள்.