எடைக் குறைப்பு ஊசியும் நம் உபவாசமும்

(பத்துலட்சணப் பர்வத்தின்போது ஜினாலய மண்டபத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உடல்நலம் பற்றிப் பொதுவாகப் பேசுமாறு அறக்கட்டளையார் பணித்தனர். நான் அதனைச் சுருக்கி ஒரே பொருளைப் பேச இசைவு பெற்றேன். வாரம் ஒருமுறை வயிற்றுத் தோலின் அடியில் செலுத்திக்கொள்ளும் எடைக் குறைப்பு ஊசி இன்று நம் இல்லங்களுக்குள்ளும் வந்துவிட்டது. வந்ததில் குற்றமில்லை. ஊசி போட்டுக்கொள்வதை வீட்டாரிடம் மறைப்பதும், உபவாசம் இருக்கப்போவதை மருத்துவரிடம் மறைப்பதுமே என்னைக் கவலைகொள்ளச் செய்கின்றன. இரண்டு மறைவும் ஒரே உடலில் சந்திக்கும் இடம் இந்தப் பத்து நாட்கள்.

இம்மருந்துகளுள் இரண்டு பெயர்கள் பலரும் அறிந்தவை. டிர்செபடைடு என்னும் மருந்து மௌஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச் மாதத்திலும், செமாகுளுடைடு என்னும் மருந்து வெகோவி என்ற பெயரில் அதே ஆண்டு ஜூன் மாதத்திலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. நாம் உண்ணும்போது குடலில் ஜி.எல்.பி. 1 என்னும் சுரப்பு ஊறுகிறது. அது மூளைக்குப் ‘போதும்’ என்ற செய்தியைத் தருகிறது. இரைப்பையிலிருந்து உணவு இறங்கும் வேகத்தைத் தணிக்கிறது. கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது. இயற்கையான சுரப்பு சில நிமிடங்களில் அழிந்துவிடும். ஊசி மருந்தோ அதே வேலையை நாட்கணக்கில் செய்கிறது. செமாகுளுடைடின் அளவு உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும்; டிர்செபடைடுக்கு ஐந்து நாட்கள். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

நம்மவர் கேட்கும் முதற் கேள்வி எடை பற்றியதன்று. ‘இதில் உயிர்க்கொலை உண்டா?’ என்பதே. இக்கேள்வியை வேறு எந்தச் சமூகத்தாரும் என்னிடம் இவ்வளவு விடாப்பிடியாகக் கேட்டதில்லை. ஆகவே அறிந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த மருந்துக் குடும்பத்தில் முதலில் வந்த எக்செனடைடு, அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்னும் நச்சுப்பல்லியின் உமிழ்நஞ்சில் கண்ட ஒரு பொருளைப் பின்பற்றியது. 2005இல் ஒப்புதல் பெற்றபோதே அது ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்யப்பட்டது, பல்லியிலிருந்து எடுக்கப்பட்டதன்று. செமாகுளுடைடின் அடிப்படைப் பகுதியை ஈஸ்ட் நுண்ணுயிரைக் கலங்களில் வளர்த்துப் பெறுகின்றனர். டிர்செபடைடு வேதிமுறையில் தொகுக்கப்படுவது. ஒருகாலத்தில் இன்சுலினைப் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்ததுபோல இவற்றை எடுப்பதில்லை. ஆயினும் மனிதருக்குக் கொடுக்குமுன் விலங்குகளிடம் சோதித்தே இவை வெளிவந்தன. அந்த உண்மையோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள். முடிவு உங்களுடையது.

பயன் எவ்வளவு? பெரிய ஆய்வொன்றில் செமாகுளுடைடு பெற்றோர் 68 வாரங்களில் சராசரியாக 15 விழுக்காடு எடை இழந்தனர். டிர்செபடைடின் உயர்ந்த அளவில், 72 வாரங்களில் ஏறத்தாழ 20 விழுக்காடு. சர்க்கரை நோயும் மூட்டு வலியும் உறக்கத்தில் மூச்சுத் திணறலும் கொண்ட பருமனானவருக்கு இது பெரிய உதவி. மணநாளுக்குள் ஐந்து கிலோ குறைக்க விரும்பும் பெண்ணுக்கான மருந்து இதுவன்று. உடல் நிறை எண் 30க்கு மேற்பட்டோர்க்கும், 27க்கு மேல் இருந்து உடன் நோயும் உள்ளோர்க்கும் என்றே மருந்தின் குறிப்பு சொல்கிறது.

இனிப் பக்க விளைவுகள். குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியவை மிகுதி. மேற்சொன்ன செமாகுளுடைடு ஆய்வில் நூற்றுக்கு 44 பேர் குமட்டல் கண்டனர். பெரும்பாலும் இவை மருந்தின் அளவை உயர்த்தும் வாரங்களில் தோன்றிப் பின் தணியும். அதனால்தான் செமாகுளுடைடை 0.25 மில்லிகிராமில் தொடங்கி நான்கு வாரத்திற்கு ஒருமுறை படிப்படியாக ஏற்றுகிறோம். ‘எடை இறங்கவில்லை’ என்று தாமே அளவை இரட்டிப்பாக்கிக்கொள்வோர் உண்டு. ஊசிக் குழலில் உள்ள யூனிட் கோடுகளை மில்லிகிராம் என்று எண்ணிப் பல மடங்கு செலுத்தி, மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் அயல்நாடுகளில் இருக்கிறார்கள். புட்டியிலிருந்து உறிஞ்சிப் போடுவோர் ஒருமுறையேனும் செவிலியர் முன்னிலையில் போட்டுக் காட்டிவிடுவது நன்று.

அரிதாயினும் அஞ்சத்தக்கவை சில. மேல்வயிற்றில் எழுந்து முதுகுக்குப் பரவி, விடாமல் நிற்கும் கடும் வலி கணைய அழற்சியாக இருக்கலாம். வலப்பக்க விலாவின் கீழ் வலியும் காய்ச்சலும் கண் மஞ்சளிப்பும் பித்தப்பைக் கல்லைச் சுட்டலாம். விரைந்த எடை இழப்பும் கல்லை உண்டாக்கும். நீண்ட பட்டினியும் உண்டாக்கும். இரண்டும் ஒருவரிடம் சேர்வதை எண்ணிப் பாருங்கள். உபவாச நாளில் வரும் வயிற்று வலியை ‘வாயு’ என்று ஓமத் தண்ணீரோடு விட்டுவிடுவது நம் வழக்கம். இந்த ஊசி போட்டிருப்பவர் அவ்வாறு விடலாகாது. திடீரென்று பார்வை மங்கினால் அன்றே கண் மருத்துவரைக் காண வேண்டும். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தோர்க்கு இம்மருந்து ஆகாது. கருவுற்றோர்க்கும் ஆகாது, செமாகுளுடைடாயின் கருவுற எண்ணும் காலத்திற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் வலிமையைக் குறைக்கலாம் என்பதை மணமான இளம்பெண்களுக்குத் தாய்மார்கள் கூச்சமின்றிச் சொல்லவேண்டும்.

இப்போது நம் நோன்புக்கு வருகிறேன்.

அஷ்டமி, சதுர்த்தசி நாட்களில் உபவாசமும் ஏகாசனமும் நமக்குப் பழக்கமானவை. பழகிய உடல் பசியாலும் சோர்வாலும் தன் எல்லையைத் தானே அறிவிக்கும். ஊசி இந்த அறிவிப்பு மணியின் நாவைக் கட்டிவிடுகிறது. பசி தோன்றுவதில்லை, தாகமும் சிலருக்குக் குறைகிறது. ஆதலால் ‘இவ்வாண்டு எனக்கு எவ்வளவு எளிதாக இருக்கிறது’ என்று மகிழ்ந்து, ஒரு நாள் எண்ணியவர் மூன்று நாளாக நீட்டுகிறார். ஊசி நீக்குவது பசியை மட்டுமே. உடலின் தேவை அப்படியே இருக்கிறது.

‘ஊசி பசியை அடக்கிய நாளில் இருக்கும் உபவாசம் தவமாகுமா?’ என்று ஓர் அன்பர் கேட்டார். விடை தரவேண்டியவர்கள் அறநூல் கற்ற பெரியோர், நானல்லேன். பசித்திருக்கையிலேயே கவளத்தைக் குறைப்பது அவமோதரியம் என்று சிறுவயதில் பாடம் கேட்டிருக்கிறேன். பசியையே குறைக்கும் மருந்துக்கு அந்தப் பெயர் பொருந்துமா என்ற ஐயம் எனக்கும் உண்டு. ஆனால் ஷோடச பாவனைகளுள் ‘சக்திக்கேற்ற தவம்’ என்பதும் ஒன்று என்பதை மருத்துவன் என்ற முறையில் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

உபவாசத்திற்காக அந்த வாரத்து ஊசியை மட்டும் தவிர்த்துவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். முன்னர்ச் சொன்ன கணக்கு இங்கே வேண்டும். ஒரு வாரம் தவிர்த்தாலும் பாதி மருந்து உடலில் இருக்கிறது. முழுதும் நீங்கச் செமாகுளுடைடுக்கு ஐந்து வாரங்கள் ஆகும். ஆகவே தவிர்த்ததால் பாதுகாப்பு வந்துவிடாது. மாறாக, இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டுப் பாரணைக்குப் பின் பழைய உயர்ந்த அளவிலேயே மீண்டும் தொடங்கினால் கடும் வாந்தி வரக்கூடும். தொடர்ந்து இரண்டு ஊசிகள் விடுபட்டால் எந்த அளவில் தொடங்குவது என்பதை மருத்துவரே சொல்லவேண்டும். என் ஆலோசனை: பர்வம் தொடங்க ஒரு மாதம் முன்பே அவரைக் காணுங்கள். அளவை உயர்த்தும் வாரமும் உபவாச வாரமும் ஒன்றாக வராதபடி அவர் நாளை மாற்றித் தருவார்.

நீரும் அருந்தாத உபவாசத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வாந்தியோ பேதியோ உள்ள வாரத்தில் நீரின்றி இருந்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கும் வாய்ப்புண்டு. சிறுநீர் கறுத்துக் குறைந்தாலும், எழுந்து நிற்கையில் தலை சுற்றினாலும் அன்றைய நோன்பை நீரோடு மாற்றிக்கொள்ளுங்கள். ஆறாதாயின் ஓ.ஆர்.எஸ். கரைசலும் மருத்துவரும். சம்மேத சிகர யாத்திரையில் விடியுமுன் புறப்பட்டு, ஏறத்தாழ 27 கிலோமீட்டர் மலைச்சுற்றை வெறும் வயிற்றோடு நடப்போருக்கும் இது பொருந்தும்.

சர்க்கரை நோயாளருக்கு ஆபத்து வேறு திசையிலிருந்தும் வருகிறது. எடை ஊசி தனியாக நின்றால் சர்க்கரையை மிகவும் தாழ்த்துவது அரிது. உடன் இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இருந்தால் உபவாச நாளில் சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கலாம். அப்போது வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றும். உடனே இனிப்பு நீர் கொடுக்க வேண்டும்; நோன்பு முறிகிறதே என்று உறவினர் தயங்கி நிற்கும் நேரம் அதுவன்று. டாபாகிளிஃப்ளோசின் போன்ற, சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை எடுப்போர் உபவாசத்தின்போது அதனை நிறுத்துவது பற்றி முன்னரே கேட்டறிய வேண்டும். இல்லையேல் சர்க்கரை உயராமலேயே இரத்தத்தில் அமிலம் ஏறும் நிலை வரலாம்.

நம் வழக்கங்களுள் ஒன்று இம்மருந்துக்கு நன்கு இசைகிறது. அந்திக்கு முன் உண்பவருக்கு, மெதுவாக இறங்கும் இரைப்பை நிறைந்த நிலையில் படுக்க நேராது, நெஞ்செரிச்சல் குறையும். ஆனால் அலுவலகத்திலிருந்து ஓடிவந்து, சூரியன் மறையப் பத்து நிமிடம் இருக்கையில் ஒரு முழுச் சாப்பாட்டை விழுங்கினால் அது நிச்சயம் மேலே வரும். ஊசிக்காரர்கள் நண்பகல் உணவையே முதன்மையாக்கி, மாலையில் சிறிதளவு உண்பது நல்லது. இரவில் நீரும் அருந்தாதவர்கள் பகலிலேயே பங்கிட்டு அருந்திக்கொள்ள வேண்டும்.

உண்பது குறையும்போது என்ன உண்கிறோம் என்பது பெரிதாகிறது. இழக்கும் எடையில் கொழுப்போடு தசையும் சேர்ந்தே போகிறது. அறுபது கடந்த தாய்மார்களுக்குத் தசை போனால் மாடிப்படி ஏறுவதும் கடினம். சிறுநீரக நோய் இல்லாதவர் தம் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது நாள்தோறும் பெறவேண்டும்; 70 கிலோ உள்ளவருக்கு 70 கிராம். குமட்டல் வந்தவுடன் நம் வீட்டார் ரசம் சோற்றுக்கும் பிஸ்கெட்டுக்கும் ஒதுங்கிவிடுகிறார்கள். அவற்றில் அது கிடைக்காது. 100 கிராம் பனீரில் ஏறத்தாழ 18 கிராம் புரதம் உண்டு; ஒரு தம்ளர் பாலில் 6 முதல் 7 கிராம். பாசிப்பருப்பு, கொண்டைக்கடலை, காராமணி, சோயா ஆகியவற்றை முதலில் உண்டு, சோற்றைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். பி 12 உயிர்ச்சத்தின் அளவையும் ஆண்டுக்கொருமுறை பாருங்கள். சைவ உணவினருக்கு, அதிலும் மெட்ஃபார்மின் எடுப்போருக்கு, அது குறைவது வழக்கம்.

நிறுத்தினால் என்னவாகும்? செமாகுளுடைடை நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரு பங்கு திரும்பியதாக ஆய்வு கூறுகிறது. ஆகவே தொடங்கும் நாளிலேயே எத்தனை ஆண்டு, என்ன செலவு என்று குடும்பத்தோடு பேசுங்கள். செமாகுளுடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரையில்தான் என்பதால் மலிவு வகைகள் பெருகும், போலிகளும் பெருகும். மருத்துவரின் சீட்டின்றி அழகு நிலையத்திலோ, அலைபேசிச் செய்தியில் வரும் விளம்பரத்திலோ வாங்காதீர்கள்.

அறுவைச் சிகிச்சைக்கோ எண்டோஸ்கோப்பிக்கோ செல்லும்போது மயக்க மருந்து தருபவரிடம் இந்த ஊசியைக் கட்டாயம் சொல்லுங்கள். இரவெல்லாம் உண்ணாதிருந்தும் இரைப்பையில் உணவு எஞ்சியிருக்கக்கூடும்; மயக்கத்தில் அது மூச்சுக்குழலுக்குள் போகலாம். ‘நான் நேற்று அந்திக்கு முன்பே உண்டுவிட்டேன்’ என்பது இங்கே போதிய விடையாகாது.

மருந்தைக் குளிர்ப்பெட்டியின் நடுத்தட்டில், 2 முதல் 8 பாகை வெப்பத்தில் வையுங்கள். உறைந்துபோனதைப் பயன்படுத்தாதீர்கள். ஒருவர் பேனாவை மற்றவர், கணவன் மனைவியே ஆயினும், ஊசியை மாற்றிக்கூடப் பகிரலாகாது. பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான மூடியுள்ள புட்டியில் சேர்த்து மருத்துவமனையில் கொடுங்கள். குப்பை அள்ளும் கை அறியாமல் அதன்மேல் படும்.

நாளை காலை பூஜை முடிந்தபின் ஒரு மணி நேரம் இம்மண்டபத்தின் கீழறையில் இருப்பேன். ஊசி போட்டுக்கொள்பவர்கள் தங்கள் மருந்துச் சீட்டுகளோடு தனியே வந்து பேசலாம். வேறெவருக்கும் தெரியவேண்டியதில்லை.