கோழிக்கூளமும் பைன் தோட்டமும்: அளவுகோல் எது?

அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறிக்கோழிப் பண்ணைகளும் லாப்லாலி பைன் தோட்டங்களும் ஒரே வட்டாரங்களில் பெருகியிருக்கின்றன. ஜார்ஜியா, அலபாமா, ஆர்கன்சா மூன்றும் இரண்டுக்குமே பெயர் பெற்றவை. கொட்டகையில் பரப்பிய மரச்சீவலும் உமியும் எச்சத்தோடு கலந்த கூளத்தை நெடுங்காலமாகப் பக்கத்துப் புல்வெளிகளில்தான் கொட்டினார்கள். புல்லுக்கு வேண்டிய தழைச்சத்தை (நைட்ரஜனை) கணக்கிட்டு இட்டதால், வேண்டாத மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஆண்டுதோறும் மண்ணில் தங்கி, மழைநீரோடு ஓடைகளுக்குப் போனது. இல்லினாய் ஆற்றுப் படுகையில் நேர்ந்த இந்த மாசை முன்வைத்து ஓக்லஹோமா மாநிலம் 2005இல் கோழி நிறுவனங்கள்மீது தொடுத்த வழக்கில் 2023இல்தான் மாநிலத்துக்குச் சாதகமான தீர்ப்பு கிடைத்தது. அதே தென்பகுதியில், பருத்தி விளைந்து சத்திழந்த நிலங்களில் நிற்கும் பைன் மரங்களோ தழைச்சத்தும் மணிச்சத்தும் போதாமல் வளர்ச்சி குன்றுகின்றன. அவற்றுக்கு யூரியாவும் டிஏபியும் விலைகொடுத்து வாங்கி இடுகிறார்கள்.

கூளத்தைப் பைனுக்குக் கொண்டுபோகலாம் என்பதில் எனக்கு ஐயமில்லை. எதை வைத்து அளப்பது என்பதில்தான் பிழை நேர்கிறது. நடுவயதுத் தோட்டத்துக்கு வழக்கமான உரம் எக்டருக்குச் சுமார் 225 கிலோ நைட்ரஜன், 28 கிலோ பாஸ்பரஸ். கூளத்தில் நைட்ரஜன் ஏறத்தாழ 3 விழுக்காடு, தனிம அளவில் பாஸ்பரஸ் 1.3 விழுக்காடு. நைட்ரஜன் முழுவதையும் கூளத்திலேயே பெற நினைத்தால் ஏழரை டன் வேண்டும். பாஸ்பரஸ் 100 கிலோவை ஒட்டி வந்துவிடும், தேவையைப்போல் மூன்றரை மடங்கு. கூள நைட்ரஜனில் ஒரு பகுதியே முதலாண்டில் மரத்துக்குக் கிட்டும் என்பதால் அளவைக் கூட்டத் தோன்றும். மிகை இன்னும் ஏறும். பாஸ்பரஸை அளவுகோலாகக் கொண்டால் இரண்டு டன்னுக்குச் சற்று மேல் போதும். அதில் வரும் 65 கிலோ நைட்ரஜன் போக, மிச்சத்தை யூரியாவால் நிரப்பலாம். யூரியாவை அடியோடு விலக்குவதாகச் சொல்லும் பரப்புரை எனக்கு உவப்பானதல்ல.

மாசை வயலிலிருந்து காட்டுக்கு மாற்றுகிறோம் என்பார்கள். ஆண்டுதோறும் கொட்டினால் அது உண்மையே. இருபத்தைந்து, முப்பது ஆண்டுச் சுற்றில் ஓரிரு முறை, மண்ணாய்வு பற்றாக்குறை காட்டும் இடத்தில் மட்டும் இட்டால் நிலைமை வேறு: உழவில்லாத தரையும் சருகுப் படுகையும் நீரோட்டத்தைத் தடுக்கின்றன, செம்மண்ணின் இரும்பும் அலுமினியமும் பாஸ்பரஸைப் பிடித்துவைக்கின்றன. கடற்கரைச் சமவெளியின் வெறும் மணலுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. அங்கே நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நோய் பற்றிய எச்சரிக்கையும் புறந்தள்ளத்தக்கதல்ல. மிகை நைட்ரஜன் பைனின் பிசின் புற்றுநோயைத் தூண்டுகிறது. சிறு அளவுக்கு வாதாட அதுவும் ஒரு காரணம். போக்குவரத்துதான் கடினமான தடை. யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன் இருக்க, 3 விழுக்காட்டுப் பொருளை லாரியில் நெடுந்தொலைவு ஏற்றுவது கட்டாது. முதல் கலைப்பு வெட்டு முடிந்து வரிசைகள் திறந்த, பண்ணைக்கு அருகிலுள்ள தோட்டங்களுக்கே இது பொருந்தும்.

ஆகவே இதுபற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். எக்டருக்கு எத்தனை டன் இட்டோம், மரம் எவ்வளவு பருத்தது என்பதோடு நிறுத்திவிட வேண்டாம். இடுவதற்கு முன்னும் பின்னும் மண்ணில் இருந்த பாஸ்பரஸ் அளவை, மாதிரி எடுத்த ஆழத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். அந்த எண் இல்லாத ஆய்வைப் பண்ணையாளருக்குப் பரிந்துரையாக மாற்ற இயலாது.