ஓணக்கோடியும் வீட்டுத் தோட்டமும்



புத்தாடைக்குத் தமிழில் 'கோடி' என்றொரு பெயர் உண்டு. நம்மில் பலர் இன்று அச்சொல்லைத் துக்க வீட்டில் மட்டுமே கேட்கிறோம். ஆனால் கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்து எல்லையூர்களில் ஒன்றாகிய ஆரியங்கோட்டில், அது மகிழ்ச்சிக்குரிய சொல்லாகவே வழங்குகிறது. ஆவணித் திருவோணத்தன்று வீட்டிலுள்ள மூத்தவர் இளையவர்க்கு அளிக்கும் புத்தாடைக்கு 'ஓணக்கோடி' என்று பெயர்.

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆட்சியின் கோடு பிரித்ததே தவிர, வாழ்க்கைமுறை பிரியவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்திலும் ஓணப்பூக்கள் முற்றத்தை அணி செய்கின்றன. தோட்ட நிலத்தைக் குறிக்கும் 'விளை' என்னும் சொல் எல்லையின் இருபுறத்து ஊர்ப்பெயர்களிலும் நிலைத்திருக்கிறது. ஆரியங்கோட்டுக்கு அருகிலுள்ள பெருங்கடவிளையே அதற்குச் சான்று.

அத்தகைய விளையின் நடுவேதான் இப்பகுதி வீடுகள் அமைந்திருக்கும். மேலே தெங்கும் பலாவும். அவற்றைப் பற்றி ஏறும் மிளகுக் கொடி. இடையே ஏத்தன் வாழை. நிழலில் சேம்பும் சேனையும். வெயில் படும் இடத்தில் மரச்சீனி. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராசர் ஊக்கமளித்துப் பரப்பிய பயிர் அது. அடுக்களையில் கழுவிய நீர் வாழைக்குப் பாயும். மாசியில் முதியவர் நட்ட சேனைக்குச் சிறுவர் சருகு மூடுவர். அத்தம் முதல் திருவோணம் வரையிலான பத்து நாள்களும் தும்பைப்பூப் பறிப்பது பிள்ளைகளின் உரிமை. தானே நட்டதைத் தானே பறிப்பதில் ஓர் இன்பம். பறித்ததில் ஒரு பங்கை அடுத்த வீட்டுக்கு அனுப்புவதில் மற்றோர் இன்பம்.

விளையின் பயன் இவ்வாறிருக்க, கோடி எங்கிருந்து வருகிறது? நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம் இருக்கிறது. 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மா மகாராசர் காலத்தில், தமிழகத்தின் தென்பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்கள் அழைத்து வரப்பெற்று அங்கே குடியமர்த்தப்பட்டன. ஊர்விட்டு ஊர் வந்த தமிழரின் கைவண்ணமே இன்று கேரளத்தின் பெருமைக்குரிய ஆடையாகத் திகழ்கிறது! வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இது எண்ணி மகிழத்தக்க செய்தி அன்றோ?

தெருவில் பாவை நீள விரித்து, கஞ்சியிட்டு, பாவாற்றியால் நூல் நூலாகப் பிரித்து உலர்த்துவர். பின்னர்க் குழித்தறியில் அமர்ந்து, நாடாவைக் கையாலேயே இப்புறமும் அப்புறமும் எறிந்து நெய்வர். நூலோ மிக மெல்லிய பருத்தி. கரையில் பொன்னிறக் கசவு. உள்ளும் புறமும் ஒரே தோற்றமுடையது என்பதே இத்துணியின் சிறப்பு. வேலைப்பாடு மிகுந்த ஒரு புடவைக்குப் பல நாள் உழைப்பு வேண்டும். பின்னாளில் பிற சமூகத்தினரும் இத்தொழிலைக் கற்றனர்; பெண்கள் பலர் தறியில் அமர்ந்தனர்.

விளையும் தறியும் ஓணத்தில் சந்தித்தன. முற்காலத்தில் குடியானவர் வாழைக்குலையும் காய்கறிகளும் நிலவுடைமையாளர் வீட்டுக்குக் காழ்ச்சையாகக் கொண்டு செல்வர். அங்கே கோடியும் விருந்தும் பெற்றுத் திரும்புவர். அதில் அன்பும் இருந்திருக்கலாம், கட்டாயமும் இருந்தது. 1970 சனவரி 1ஆம் நாள் கேரளத்தில் குத்தகை முறை ஒழிந்தது. கொடுத்தே தீரவேண்டும் என்ற நிலையும் உடன் நீங்கியது. இன்று ஒரு சீப்பு வாழைப்பழம் வேலி தாண்டிச் செல்கிறதென்றால், அது மனம் விரும்பித் தந்ததே. கட்டாயம் நீங்கிய பிறகே கொடை முழு இன்பமாகிறது.

ஆயினும் ஒரு குறை இருக்கிறது. பெறுகிறவர் மகிழ்கிறார், நெய்தவர் மகிழ்கிறாரா? விசைத்தறித் துணி கைத்தறியின் சாயலில் குறைந்த விலைக்குச் சந்தைக்கு வருகிறது. கைத்தறியில் கூலி போதாமையால் இளைஞர் தறியை விட்டு வேறு தொழிலை நாடுகின்றனர். பாலராமபுரம் துணிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2006இல் கைத்தறி முத்திரையும் நடைமுறைக்கு வந்தது. அவற்றைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாம். மலிவானதை ஐந்து பேருக்கு வாங்கித் தருவதினும், கையால் நெய்ததை ஒருவருக்குத் தருவது மேல். அதில் பெறுபவரோடு நெய்தவரும் வாழ்கிறார்.

மும்பையிலோ தில்லியிலோ அடுக்குமாடி வீட்டில் வாழும் நமக்கு விளை ஏது என்று கேட்கலாம். வெயில் விழும் ஒரு முழ இடம் போதும். ஒரு தொட்டியில் கறிவேப்பிலை, மற்றொன்றில் துளசி. நீர் ஊற்றும் பொறுப்பைக் குழந்தையிடம் விடுங்கள். முதலில் பறிக்கும் ஒரு கொத்தை அடுத்த வீட்டு அம்மையாரிடம் அக்குழந்தையே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். அவர் பேசும் மொழி வேறாக இருக்கலாம். அந்த மணத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.