எடை பார்த்துப் புகட்டும் மருந்து

திருச்சி காந்தி மார்க்கெட்டில் கால் கிலோ பூண்டு வாங்குபவர்கூடத் தராசைப் பார்த்தே காசு கொடுப்பார் எனினும், விழுந்து கை வீங்கிய குழந்தைக்கு வலி மருந்து புகட்டும்போது குழந்தையின் எடையை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பாராசிட்டமால், ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை தரத்தக்கது. அதன் சிரப் 5 மில்லிலிட்டருக்கு 125, 250 மில்லிகிராம் என இரு வலிமைகளில் கிடைப்பதால், புட்டியின் எண்ணைப் படிக்காமல் ஊற்றினால் மருந்து பாதியாகும் அல்லது இரட்டிக்கும்; சமையலறைக் கரண்டியோ எந்தக் கணக்கிலும் சேராது.

எலும்பு, தசைக் காயமுற்ற சிறாரிடம் கனடாவின் ஒட்டாவாவில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், பாராசிட்டமாலையும் அபினி வகையைச் சேர்ந்த கோடீனையும்விட, வீக்கத்தையும் தணிக்கும் ஐபுபுரூஃபனே ஒரு மணி நேரத்தில் வலியைக் கூடுதலாகக் குறைத்தது. ஆயினும் டெங்கு ஐயமுள்ள காய்ச்சலிலும், வாந்தி பேதியால் உடல் வறண்டிருக்கும்போதும் அதைத் தரலாகாது.

ஒருகாலத்தில் தாராளமாக விற்கப்பட்ட நிமசுலைடு என்ற வலி மருந்தை, கல்லீரல் பாதிப்பு அச்சத்தால், 12 வயதுக்குட்பட்டோருக்குத் தருவதை இந்திய அரசு 2011-இல் தடைசெய்தது. வீட்டு அலமாரியில் பெரியவர்களுக்கென வாங்கிய அந்த மாத்திரை இருக்கலாம். அதை உடைத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிட வேண்டாம்.