மனிதருக்குப் பட்ட கடன் நோன்பினால் தீராது
(ஆஷூராவை முன்னிட்டு நமது பள்ளிவாசலில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)

 



அண்ணலார் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, ஆஷூரா நாளில் யூதர்கள் நோன்பிருக்கக் கண்டார்கள். மூஸா (அலை) அவர்களை ஃபிர்அவ்னிடமிருந்து இறைவன் காத்த நாள் என யூதர்கள் காரணம் கூறினர். மூஸாவுக்கு நாமே அதிக உரிமையுடையோர் என்று கூறி, நாயகம் (ஸல்) அவர்கள் தாமும் நோற்று நம்மையும் நோற்கப் பணித்தார்கள்.

யூதர்களிடம் இன்றும் திஷ்ரி மாதம் 10ஆம் நாளில் ஒரு நோன்பு உண்டு. ‘யோம் கிப்பூர்’, அதாவது பாவப்பரிகார நாள் என்பது அதன் பெயர். முதல்நாள் சூரியன் மறையுமுன் தொடங்கி, மறுநாள் இரவு கவியும் வரை ஏறத்தாழ 25 மணி நேரம் உண்ணார், பருகார், குளியார், எண்ணெய் பூசார், தோல் காலணி அணியார், இல்லறத்தில் கூடார். பகலெல்லாம் வணக்கத்தில் கழியும். பிற்பகலில் யூனுஸ் (அலை) அவர்களின் வரலாறு ஓதப்படும். முடிவில் கொம்பு ஊதப்படும்.

நாம் பின்பற்றுவதற்காக இதைக் கூறவில்லை. நமக்கு நம் ஷரீஅத் போதுமானது. யூதர்களுக்கு மாறுபட, 9ஆம் நாளும் நோற்க நாயகம் (ஸல்) அவர்கள் நாடினார்கள். எனினும் ஒரு செய்தி சிந்திக்கத்தக்கது. அந்நாள் இறைவனுக்கு இழைத்த குற்றத்தையே போக்கும்; சக மனிதனுக்கு இழைத்ததை, அவனைச் சமாதானப்படுத்தும் வரை போக்காது என்பது மிஷ்னா எனும் அவர்களது சட்டத் தொகுப்பின் தீர்ப்பு. எகிப்தில் மருத்துவராக வாழ்ந்து 1204இல் மறைந்த அவர்களது அறிஞர் மூஸா இப்னு மைமூன், கடனைத் திருப்பிக் கொடுத்த பின்னும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும், மறுத்தால் மூவரை அழைத்துக்கொண்டு மும்முறை வரை செல்ல வேண்டும் என்றும் எழுதினார்.

அன்பர்களே! ஹக்குல் இபாத் என்று நாம் ஓதியதும் இதுவன்றோ? தொழுகை, நோன்பு, ஜகாத்துடன் மறுமைக்கு வந்தும், பிறரை ஏசியதாலும் பிறர் பொருளை உண்டதாலும் நன்மைகள் அனைத்தையும் இழப்பவனையே நாயகம் (ஸல்) அவர்கள் ‘முஃப்லிஸ்’, திவாலானவன் என்றார்கள். ஷஹீதுக்குக்கூடக் கடன் மன்னிக்கப்படுவதில்லை.

நம் மஹல்லாவைப் பாருங்கள். “அவள் கேட்கவில்லையே” என்று சகோதரியின் வாரிசுப் பங்கை வைத்திருப்போர் எத்தனை பேர்! கைமாற்றை மறந்தோர் எத்தனை பேர்! ஒரே ஸஃப்பில் தோளொட்டி நின்று, வெளியே ஸலாம் சொல்லாதோர் எத்தனை பேர்!

ஆஷூராவுக்கு ஸஹர் செய்யுமுன் அந்த வாசற்படியை மிதித்து வாருங்கள். ஒரு சொல் கேளுங்கள், உரியதைக் கொடுங்கள். பிறகு நோன்பு வையுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் தவ்பாவை ஏற்று, பிறர் உரிமையைச் சுமந்தபடி தன்னிடம் வருவதிலிருந்து நம்மைக் காப்பானாக! ஆமீன்.