தீவுப் பயணமும் இராத் தங்கலும்



பயணம் புறப்படுகின்றவர்கள் பெரும்பாலும் எதைப் பார்ப்பது என்பதை முதலிலே தீர்மானித்துவிடுகின்றார்கள். எங்கே தங்குவது என்பது அவர்களுக்குக் கடைசியிலேதான் நினைவுக்கு வருகின்றது. கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் போகின்றவர்களுக்கு இந்த ஒழுங்கு பொருந்தலாம். ஓர் ஊரில் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த ஊருக்கு வண்டியைச் செலுத்தலாம். ஆனால், யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிக்குப் புறப்படுகின்றவர் இந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளல் வேண்டும். அங்கே தெரு ஓரிடத்தில் முடிந்துவிடுகின்றது, கடல் தொடங்குகின்றது. அதன்பின் பயணியின் நேரத்தை வகுப்பது படகு. படகின் நேரத்தை வகுப்பது காற்று. இரவை எங்கே கழிப்பது என்று முடிவு செய்தால், பகலில் எதைக் காணலாம் என்பதும் அதனோடு முடிவாகிவிடும்.

முதலில் வழியைச் சொல்லுகின்றேன். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகக் கடனீரேரியைக் கடந்தால் மண்டைதீவும் வேலணைத் தீவும் எதிர்ப்படும். வேலணையின் வடமேற்கு முனையில் இருப்பது ஊர்காவற்றுறை. தெற்கே இன்னொரு தாம்போதியைக் கடந்தால் புங்குடுதீவு. அதன் மேற்குக் கரையில் குறிகட்டுவான் இறங்குதுறை. நகரிலிருந்து அங்குவரை 30 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரம். மோட்டார் வண்டி அதற்கு அப்பாற் செல்லாது. அங்கிருந்து நயினாதீவுக்குப் படகில் கால்மணி அல்லது இருபது நிமிடம். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரம். ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டனர். வேலணை லெய்டன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று. அப்பெயர்களுள் மக்கள் வழக்கில் நன்கு நிலைத்தது நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ட் என்னும் பெயர் ஒன்றே எனலாம்.

இப்பகுதியில் வெளியூரார் எங்கே தங்குவது என்ற வினா இன்று நேற்று எழுந்ததன்று. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்ச் சாசனம் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனுடையது அது. வரலாற்றுப் பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிறநாட்டிலிருந்து வருகின்றவர்கள் ஊராத்துறையிலே, அதாவது இன்றைய ஊர்காவற்றுறையிலே, வந்து தங்குதல் வேண்டும் என்றும், அவர்களுக்குக் காவல் அளித்தல் வேண்டும் என்றும் அச்சாசனம் விதிக்கின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவருக்கும் சேரும். வணிகப் பண்டம் ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதி என்றும் அது வகுக்கின்றது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே, வந்தவன் எங்கே தங்குவான், அவனுக்கு யார் பொறுப்பு, அவனுக்கு இடர் வந்தால் என்ன செய்வது என்னும் மூன்று வினாக்களையும் அரசு ஒருங்கே சிந்தித்திருக்கின்றது. இன்றைய பயணியும் இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டே இடம் தேடுதல் நன்று.

நம்முடைய பெரியோர் வழிப்போக்கருக்கென வகுத்தவை பல. தெருவோரத்தில் மடம், அதனருகே கேணி, தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கி, மாடுகள் உடம்பை உரஞ்சிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல் ஆகிய இவையெல்லாம் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் ஒருங்கே அமைந்திருந்தன. பருத்தித்துறையில் தெருவையே கூரைபோல மூடி நிற்கும் தெருமூடி மடத்தை இன்றும் காணலாம். மடம் இருந்த இடமெல்லாம் நல்ல தண்ணீர் இருந்தது. நல்ல தண்ணீர் இருந்த இடத்திலேதான் மடம் எழுந்தது. தங்குமிடம் தேடுவோர்க்கு இதனினும் சிறந்த வழிகாட்டி வேறில்லை.

இனி, இன்றைய பயணி தெரிந்தெடுக்கக்கூடிய இடங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, யாழ்ப்பாண நகரிலேயே தங்கி, நாள்தோறும் தீவுகளுக்குப் போய்த் திரும்புவது. விடுதிகள் அங்கே பல உள. உணவுக்கும் மருந்துக்கும் குறைவில்லை. கைக்குழந்தையோடு செல்வோருக்கும் நோயாளரை உடன் அழைத்துச் செல்வோருக்கும் இதுவே தக்கது. ஆனால், ஒவ்வொரு நாளும் போகவும் வரவும் 60 கிலோமீற்றருக்கு மேல் தெருவிலேயே கழியும். நெடுந்தீவுக்குப் போகின்ற நாளில் விடியற்காலையிலேயே எழுந்து புறப்படவேண்டும். காலைப் படகில் சென்று பிற்பகற் படகிலே திரும்புகின்றவருக்கு அத்தீவிலே கிடைப்பன சில மணிநேரமே. அதுவும் வெயில் உச்சியில் நிற்கும் நேரம்.

இரண்டாவது, வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர் ஆகிய பக்கங்களிலே தங்குவது. வேலணையிற் சாட்டிக் கடற்கரையும் காரைநகரிற் கசூரினாக் கடற்கரையும் குடும்பத்தோடு செல்வோர்க்கு ஏற்றவை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் சிறு கோட்டை போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் கைக்கு வந்தது. பன்றித் தொடையின் குதிப்பகுதி என்று பொருள்படும் ஹம்மன்ஹீல் என்னும் பெயரை ஒல்லாந்தர் அதற்கு வைத்தனர். பின்னாளிற் சிறையாகவும் இருந்த அந்தக் கடற்கோட்டை இப்போது கடற்படையினரால் விடுதியாக நடத்தப்பட்டு வருகின்றது. நான்கு புறமும் நீர் சூழ ஓர் இரவைக் கழிக்க விரும்புவோர் முன்கூட்டியே ஒழுங்கு செய்தல் வேண்டும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே பாதை என்று நாம் அழைக்கும் மிதவை ஒன்று ஆட்களையும் சிறு வண்டிகளையும் ஏற்றிச் செல்லும். அது பழுதுற்று நிற்கும் நாள்களும் உண்டு. அந்த நாளில், கண்ணெதிரே தெரிகின்ற அக்கரைக்கு யாழ்ப்பாணம் சுற்றிப் பொன்னாலைத் தாம்போதி வழியாகவே போகவேண்டும். ஆகையால் பாதை ஓடுகின்றதா என்று விசாரியாமல் மறுகரையில் இடம் ஒழுங்கு செய்தல் கூடாது.

மூன்றாவது, நயினாதீவு. அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் ஒரே கரையில் அமைந்த புண்ணியத் தலம் அது. அமுதசுரபியின் பெயரைத் தாங்கிய அன்னதான மடத்திலே யாத்திரிகருக்கு நண்பகல் உணவு இலவசமாக வழங்கப்படுகின்றது. மணிமேகலைக் காவியம் கூறும் மணிபல்லவம் நயினாதீவே என்று கொள்ளும் அறிஞர் உளர். அந்தக் கொள்கையை ஏற்பினும் ஏற்காவிடினும், பசித்து வந்தவனை ஊர் பேர் கேளாது பந்தியில் இருத்தும் வழக்கம் அங்கே இன்றும் உண்மையாக நடக்கின்றது. ஆனித் திருவிழாக் காலத்தில் அங்கே இடம் கிடைப்பது அரிது. மற்றைய நாள்களில், காலையிற் சென்று வழிபட்டு, பந்தியில் உண்டு, பிற்பகலிலே திரும்புதல் போதும். பக்தி நோக்கத்துக்கென அமைந்த மடங்களை மலிவான விடுதிகளாகக் கருதி உல்லாசப் பயணிகள் அடைத்துக்கொள்வது முறையன்று.

நான்காவது, நெடுந்தீவு. இங்கே சற்று விரித்துப் பேச விரும்புகின்றேன்.

ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புடைய தீவு அது. முருகைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாந்து பூசாமல் அடுக்கிய கல்வேலிகள் ஒவ்வொரு வளவையும் சூழ்ந்திருக்கும். ஒல்லாந்தர் காலத்துக் கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு, வெடியரசன் கோட்டை என வழங்கும் பழங்கட்டடச் சிதைவு, பருத்த பெருக்கமரம், தென்முனையிலே கப்பல்களுக்கு வழிகாட்டிய குவிந்தா கோபுரம் ஆகியவை பார்க்கத்தக்கன. போர்த்துக்கேயர் இதனைப் பசுக்களின் தீவு என்று அழைத்தனர். அந்நியர் ஆட்சியிலே வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்று காட்டுக் குதிரைகளாய் வெளிகளில் மேய்கின்றன.

பகற்படகிலே போய் வருகின்றவர் இவற்றை ஒரு முச்சக்கர வண்டியில் ஓடி ஓடிப் பார்த்துவிடலாம். ஆனால், குதிரைகள் வெயில் தணிந்த பின்னரே நீர்நிலைகளை நாடி வெளியில் வரும். பிற்பகற் படகு போனபின் தீவு தன் இயல்பான அமைதிக்குத் திரும்பும். மாலையிற் கல்வேலிகளின்மேல் விழும் மஞ்சள் ஒளியும், இரவில் விளக்குகள் குறைந்த வானத்திலே தெரியும் விண்மீன்களும், விடியலிற் கரைக்கு வரும் மீன்வள்ளங்களும் அங்கே துயின்றவருக்கே உரியவை. ஓரிரு சிறு விடுதிகளிலும் விருந்தினரை ஏற்கும் சில வீடுகளிலும் இடம் பெறலாம். முன்னதாகச் சொல்லிவைத்தாற்றான் உணவு ஆயத்தமாகும். கேட்டவுடன் எதுவும் வரும் என்று எதிர்பார்த்தல் தகாது.

அங்கே தங்க எண்ணுவோர் மூன்று செய்திகளை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

முதற் செய்தி, தண்ணீர். முருகைக்கல் நிலத்திலே மழைநீர் ஊறி, கீழேயுள்ள உப்புநீரின் மேலே ஒரு மெல்லிய வில்லைபோல மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே நாற்பதடி வரை நன்னீர் இருக்கலாம் என்பது நிலத்தடி நீர் ஆராய்ச்சியாளர் கண்ட கணக்கு. கணக்கின் மறுபுறத்தையும் எண்ணிப் பாருங்கள். மேலே ஓரடி நீரை இறைத்துக் குறைத்தால், கீழிருந்து உப்புநீர் பன்மடங்கு மேலேறும். துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் ஊற்றுக்கு ஓய்வு கிடைத்தது. பொறி கொண்டு இறைக்கும்போது அந்த ஓய்வு கிடைப்பதில்லை. ஒருமுறை உவர் ஏறிய கிணறு மீண்டும் நன்னீர்க் கிணறாவதற்கு மழைக்காலங்கள் பல வேண்டியிருக்கலாம். கடும் வறட்சியிலே குதிரைகள் நீரின்றி மடிகின்ற தீவு அது. விருந்தினர் ஒருவர் இருமுறை ஆறுதலாக முழுகும் தண்ணீர் அங்கே வீட்டாரின் சமையலுக்கும் குடிப்புக்கும் உரிய தண்ணீராக இருக்கக்கூடும். ஆகவே, குளிரூட்டி உண்டா, குளிக்கத் தொட்டி உண்டா என்று கேட்பதற்கு முன், குடிநீர் எங்கிருந்து வருகின்றது என்று கேளுங்கள். ஒளிவுமறைவின்றி விடை சொல்லும் வீடே நல்ல வீடு.

இரண்டாம் செய்தி, காற்று. வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாதி வரை சோளகம் வீசும். ஐப்பசி முதல் தை வரை வாடையும் மழையும். கடல் கொந்தளிக்கும் நாளிலே படகு நிறுத்தப்படும். ஆகவே, நெடுந்தீவில் தங்கும் இரவைப் பயணத்தின் கடைசி இரவாக வைத்தல் ஆகாது. மறுநாள் கொழும்பு வண்டியைப் பிடிக்கவேண்டியவர், படகில்லாமல் மாவிலித் துறையில் நின்று வருந்த நேரும். முதலிரவை நெடுந்தீவிலும், அடுத்த இரவை வேலணை அல்லது காரைநகர்ப் பக்கத்திலும் கழிப்பதே அறிவுடைமை. ஒரு நாள் பிந்தினாலும் ஒழுங்கு குலையாது. பங்குனி, சித்திரை மாதங்களிற் கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும், வெயிலோ கடுமையாயிருக்கும்.

மூன்றாம் செய்தி, அந்தக் கடலைப் பற்றியது. நமக்கு ஓர் இன்பப் பயணமாகத் தோன்றும் ஒரு மணிநேரம், தீவு மக்களுக்கு வாழ்க்கைத் தெரு. பாடசாலை ஆசிரியரும், நோயாளரும், மகப்பேற்றுக்குச் செல்லும் பெண்களும், அரிசி மூட்டையும் அந்தப் படகிலேதான் செல்லவேண்டும். 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் இந்தக் கடலிலே குமுதினிப் படகில் வந்த பயணிகள் பலர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டனர். அவர்களுடைய நினைவுச் சின்னம் நெடுந்தீவு இறங்குதுறையிலே உண்டு. அதன் அருகே சிறிது நேரம் அமைதியாக நின்று செல்வது விருந்தினர்க்குரிய பண்பு. படகிலே இடம் குறைவாயிருந்தால் ஊராரை முதலில் ஏறவிடுதலும் அப்பண்பைச் சேர்ந்ததே.

பணம் யாரைச் சேர்கின்றது என்பதையும் சொல்லாமல் விடலாகாது. 1990, 1991ஆம் ஆண்டுகளின் போர்க்காலத்திலே வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு ஆகிய ஊர்களின் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். கூரையிழந்த கல்வீடுகளையும் பூட்டிக் கிடக்கும் வாயில்களையும் இன்றும் தெருவோரத்தில் காணலாம். உடையவர்கள் கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கின்றார்கள். எஞ்சியிருப்போருக்கு மீன்பிடியும் பனையும் கால்நடையும் சிறு பயிருமே பிழைப்பு. பகலிலே வந்து பகலிலே திரும்புகின்ற நூறு பயணிகள் தீவிலே விட்டுச் செல்வது வெறும் போத்தல்களாக இருக்கலாம். ஓரிரவு தங்கும் நான்கு பேர் ஒரு வீட்டில் உண்டு, ஓர் இளைஞனின் வண்டியிலே சென்று, ஒரு கடையிலே பனங்கட்டி வாங்குவார்கள். தீவில் ஓர் இளங்குடும்பம் இருந்து வாழலாமா, நகருக்குப் பெயர்வதா என்று எண்ணும்போது, இத்தகைய வருவாயும் அந்த எண்ணத்திலே ஓர் எடையாகும்.

ஆனால், தங்குவோர் தொகை மிகுந்தால் கிணறு தாங்காது. ஆகையால் பெருவிடுதிகள் எழுந்து நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே தங்குவதைவிட, ஊர் வீடுகளிலே சிலர் சிலராகத் தங்குவதே நெடுந்தீவுக்கு ஏற்ற முறை என்பது என் கருத்து. இதனைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அவ்வூர் மக்களே. தெரிந்தெடுக்கும் பயணி தன் தெரிவினாலே அவர்களுக்குத் துணை செய்யலாம்.

சுருங்கக் கூறின், உடல்நலமும் வசதியும் முதன்மையானவர்க்கு யாழ்ப்பாண நகர்; கடற்கரையில் ஆறியிருக்க விரும்புவோர்க்கு வேலணையும் காரைநகரும்; வழிபாட்டுக்கு நயினாதீவில் ஒரு பகல்; தீவு வாழ்க்கையை அறிய விரும்புவோர்க்கு நெடுந்தீவில் ஓர் இரவு. போகின்றவர் முதலிலே தண்ணீரைக் கேட்கட்டும். பிறகு காற்றைக் கேட்கட்டும். கடைசியாகக் கட்டணத்தைக் கேட்கட்டும். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவரட்டும்.