விதையின் உறக்கமும் மழையின் குணமும்
(புன்செய்க் கிராமமொன்றின் ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



நான் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஆவாரை. வழியோரமெங்கும் தானே முளைத்துக் கிடக்கும் செடியைப் பற்றிப் பிரசங்கம் எதற்கு என்று உங்களிற் சிலர் எண்ணலாம். தானே முளைக்கும் செடி நாம் விதைத்தால் ஏன் முளைப்பதில்லை என்பதே கேள்வி.

சென்ற வருஷம் சங்கத்துத் தரிசு நிலத்தில் ஆவாரையும் கொளுஞ்சியும் விதைத்தீர்கள். நூற்றுக்குப் பத்துக்கூட முளைக்கவில்லை. விதைக்குச் செலவிட்ட பணம் வீணாயிற்று, நிலத்தை உழுது வேறு காரியத்துக்கு விட்டுவிடலாம் என்று இன்று ஒரு தீர்மானம் வரப்போவதாக அறிகிறேன். அதை வாக்குக்கு விடுமுன் நான் சொல்வதைச் சற்றே செவிசாய்த்துக் கேட்க வேண்டுகிறேன்.

ஆவாரையின் பிரயோஜனத்தை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு காலத்தில் சென்னை மாகாணத்துத் தோல் பதனிடும் தொழிலுக்கு அதன் பட்டையே ஆதாரமாயிருந்தது. பின்னர்த் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. ஆயினும் தழை வயலுக்கு உரமாகிறது, பூ விலைபோகிறது, வேர் மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது.

இனி விதையைக் கவனிப்போம். ஆவாரை, கொளுஞ்சி முதலிய அவரையினச் செடிகள் பலவற்றின் விதைத்தோல் மிகக் கடினமானது. அத்தோலில் நெருங்கி நிற்கும் கம்பங்களைப்போன்ற உயிரணு வரிசையொன்று உண்டு. அது நீரை உள்ளே விடாது. எனவே, நல்ல மழை பெய்து நிலம் நனைந்தாலும், உள்ளிருக்கும் முளைக்கருவுக்கு ஒரு துளியும் எட்டாது. விதை செத்துவிடவில்லை, உறங்குகிறது.

இவ்வுறக்கம் எவ்வளவு நீடிக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன். 1793-ஆம் வருஷம் சீனத்திலிருந்து சேகரித்துக் கொண்டுபோன வாகையினத்து விதைகள் சில, இலண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் காகிதத்தோடு ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. 1940-ஆம் வருஷம் யுத்தத்தில் அக்கட்டடத்தின்மேல் தீக்குண்டு விழ, தீயை அவிக்க நீர் பாய்ச்சினார்கள். 147 வருஷம் உறங்கிய விதைகள் அதன்பின் முளைத்தன!

உறக்கத்தைக் கலைப்பவை எவை? முதலாவது வெயில். வெற்று நிலத்தின் மேற்பரப்பு கோடை நண்பகலில் 50 பாகை சென்டிகிரேடுக்கு மேலும் காய்கிறது, இரவில் குளிர்கிறது. இவ்வாறு மாதக்கணக்கில் மாறிமாறிக் காய்ந்தும் குளிர்ந்தும் வரவே, விதைத்தோலின் பலவீனமான இடத்தில் சிறு வெடிப்பு உண்டாகி, நீர் நுழைய வழி பிறக்கிறது. இரண்டாவது உராய்வு: ஓடைநீர் விதையை மணலோடும் சரளையோடும் உருட்டிச் செல்கையில் தோல் தேய்கிறது. மூன்றாவது கால்நடைகளின் வயிறு: ஆடு தின்று கழித்த கருவேல விதை எளிதில் முளைப்பதை நம் குடியானவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள்.

தோல் திறந்தாலும் போதாது. மண் இறுகி மேலோடு கட்டினால் முளை வெளிவராது. ஆழத்தில் விழுந்த சிறு விதை மேலே வருமுன் தன் உணவைத் தீர்த்துவிடும். ஆகையால் விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்குக்கு மேல் மண் மூடலாகாது. உப்பு மிகுந்த மண்ணில், ஈரம் இருந்தும் விதையால் அதை இழுத்துக்கொள்ள முடியாது. மழை உப்பைக் கீழே கரைத்துச் சென்ற பிறகே முளைக்கும்.

இவ்வளவும் கேட்டபின், எல்லா விதையையும் வெந்நீரில் இட்டு ஒரேயடியாய் எழுப்பிவிடலாமே என்று தோன்றும். நானும் ஒரு காலத்தில் அப்படியே எண்ணினேன். கையிலிருந்த விதை முழுவதையும் பக்குவம் செய்து, சித்திரையில் பெய்த கோடைமழையை நம்பித் தெளித்தேன். ஒரு வாரத்தில் நிலம் பச்சையாயிற்று. அண்டை நிலத்தார் வந்து மெச்சினார்கள். பின்பு இருபது நாள் மழையில்லை. ஒரு கன்றும் மிஞ்சவில்லை. மறு மழைக்கு முளைக்க மண்ணில் ஒரு விதையும் இல்லை. விதையின் உறக்கம் குறையன்று, காவல் என்பதை அன்று கற்றேன். வானம் பொய்க்கும் நாட்டில், செடி தன் விதைகள் அனைத்தையும் ஒரு மழையை நம்பி ஒப்புவிப்பதில்லை. சிலவற்றை இவ்வருஷத்துக்கும் சிலவற்றை வரும் வருஷங்களுக்குமாக வைக்கிறது. நம் சங்கத்தில் சேமநிதி ஒதுக்கிவைப்பது போன்றதே இது.

ஆகவே நீங்கள் செய்யத்தக்கவை இவை:

1. விதைக்குமுன் 100 விதைகளை எண்ணி, ஈரச்சாக்கில் சுற்றி, காயாமல் வைத்துப் பத்தாம் நாள் பிரித்துப் பாருங்கள். முளைத்தவை, அழுகியவை, கல்போல் மாறாதிருப்பவை என்று மூன்றாகப் பிரியுங்கள். அழுகியவையே செத்த விதை. கல்விதைகள் பெரும்பாலும் உயிருள்ளவை.

2. கல்விதை மிகுந்திருந்தால், விதையைப் பருமணலோடு உரலில் இட்டு, நொறுங்காதபடி மெல்ல இடியுங்கள். அல்லது கொதித்த நீரை அடுப்பினின்று இறக்கிச் சற்று ஆறவிட்டு, விதையைச் சில நிமிஷம் அமிழ்த்தி, உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றுங்கள். முதலில் ஒரு கைப்பிடியில் சோதித்தபின் மற்றதைச் செய்க. நீரில் ஊறிப் பருத்த விதையைச் சேமித்து வைக்கலாகாது. அன்றே ஈரமண்ணில் இடவேண்டும்.

3. மூன்றில் இரண்டு பங்கு விதையைப் பக்குவம் செய்து, ஒரு பங்கை அப்படியே கலந்து விதையுங்கள்.

4. கோடைமழையை நம்பாமல், ஐப்பசி மழை நிலைத்தபின் விதையுங்கள். சரிவுக்குக் குறுக்கே பிறைவடிவக் கரைகள் போட்டு, அவற்றின் மேற்புறம் நீர் தேங்குமிடத்தில் விதையிடுங்கள்.

5. சீமைக்கருவேலங்காய் தின்ற ஆடுகளை அந்நிலத்தில் கிடைபோடாதீர்கள். அவற்றின் புழுக்கையோடு அம்முட்செடியும் வந்துசேரும்.

முடிவாக, இன்றைய தீர்மானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நிலத்தின் ஐந்து இடங்களில் ஒவ்வொரு கூடை மேல்மண் அள்ளிச் சல்லடையில் சலித்துப் பாருங்கள். கெட்டியான விதைகள் அகப்பட்டால் அவற்றை மணலில் தேய்த்து ஈரச்சாக்கில் சோதியுங்கள். அவை முளைக்குமாயின், உங்கள் பணம் தொலையவில்லை. மண்ணில் வைப்பாக இருக்கிறது. ஆழ உழுதால் அந்த வைப்பைப் புதைத்தவர்களாவீர்கள். முளைக்காவிடில், நீங்கள் நினைத்தபடியே தீர்மானியுங்கள். நான் தடை சொல்லேன். சோதனைக்கு வேண்டுவது ஒரு சாக்கும் பத்து நாளுமே. அதுவரை வாக்கெடுப்பை ஒத்திவைக்குமாறு வேண்டி, என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.